திருப்பிச் சொல்ல ஓர் ஆள்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் எழுத மாட்டாய் என்று உன் அக்கா சொல்கிறாள். அதனால் கேட்கவில்லை.

இதைக் கொண்டுவருவது மீசைதான். உன் ஊர் வரை போகும் பாசஞ்சர் வண்டிக்கு வாரத்தில் பாதி நாள் அவர்தான் கார்டு. தபாலில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று பிடுங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். போனில் பேசலாம்தான். எங்கள் வீட்டில் போனை மணி அடிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம். அடித்தால் எனக்கு ஆகவில்லை. நீயும் எடுப்பதில்லை என்று கேள்வி.

நான் இன்னும் லீவில்தான் இருக்கிறேன். காலையில் எழுந்து, பல் தேய்த்து, சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறேன். உன் அக்கா வேலைக்குப் போகிறாள். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். அவர்கள் திரும்பி வரும்போதும் அதே நாற்காலி. முதலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை. பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து உதட்டைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, முழு ஆளும் அப்படி இருக்கிறேன்.

குக்கரைப் பரணில் ஏற்றியாகிவிட்டது. ஒருநாள் அது விசில் அடித்தபோது நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விட்டேனாம். எனக்கு நினைவில்லை. பாப்பா தன் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாளாம். இப்போது எல்லாம் திறந்த பாத்திரத்தில் வேகிறது. கேஸ் சீக்கிரம் தீர்கிறது. உன் அக்கா அதைச் சொல்வதில்லை. சிலிண்டரை அசைத்துப் பார்க்கும்போது அவள் முகத்தில் தெரியும்.

நீ கோபமாக இருக்கிறாய். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டு மேசையில் சாப்பிட்டுக்கொண்டே, இனி இவரோடு எஞ்சினில் ஏற மாட்டேன் என்று உன் அக்காவிடம் சொன்னாய். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் சொல்லவில்லை. உடனே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய். இத்தனை வருஷம் ஒரே எஞ்சினில் நான் டிரைவர், நீ அசிஸ்டெண்ட். காரணம் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். திட்டியாவது எழுது.

மச்சான்


பிப்ரவரி 15

மச்சானுக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. அக்காவிடம் காட்டிவிடாதீர்கள், திட்டு எனக்குத்தான் விழும்.

காரணம் தெரியாதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மச்சான், நீங்கள் எஞ்சினையே மறைக்கிறீர்கள். சரி, நானே சொல்கிறேன். அந்த வளைவு. நல்ல பகல். ஒரு மனுஷர் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொண்டது. அவர் விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். சைக்கிளைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். நீங்கள் ஹாரனை அமுக்கினீர்கள், பிரேக்கைப் போட்டீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. விசாரணையிலும் அப்படித்தான் சொன்னேன், கடவுள் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

வண்டி நின்ற பிறகு இறங்கிப் பின்னால் நடந்து போனது நான். அது அசிஸ்டெண்டின் வேலை. ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வந்து ஏறினேன். நீங்கள் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் போகட்டும். எல்லோரும் வந்து, எல்லாம் முடிந்து, கடைசியில் சிக்னல் கிடைத்தது. நான் 'பச்சை' என்றேன்.

உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? ஒருத்தர் பச்சை என்றால் மற்றவர் பச்சை என்று வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி நகர வேண்டும். நாம் சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் ஓட்டிய நாளில்கூட அதை விட்டதில்லை. வீட்டில் அக்கா தட்டு வைத்தால் நீங்கள் 'சாப்பாடு' என்பீர்கள், நான் 'சாப்பாடு' என்பேன், இரண்டு கிறுக்கும் எனக்குத்தானா வாய்க்கணும் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவர் அன்று வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் சொன்னேன். கத்தியே சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், வண்டியை எடுத்தீர்கள். ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு சிக்னலையும் நானே சொல்லி நானே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தது உங்களுக்குத் தொற்றிக்கொள்ளும் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். அதுதான் கோபம். வேறொன்றும் இல்லை.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. யார்டில் ஷண்டிங், பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கிற எஞ்சின். டிரைவருக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். ஆள் வாயைத் திறந்தால் ஒரு பெட்டியே உள்ளே போய்விடும்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நீ பச்சை என்று சொன்னதே எனக்குத் தெரியாது.

ஹாரனை அமுக்கிய பிறகு காது திறக்கவில்லை. உன் வாய் அசைவது தெரிந்தது. விளக்கு எரிவது தெரிந்தது, என்ன நிறம் என்று பிடிபடவில்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். தப்புதான். வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் உன் அக்கா பேசும்போதுதான் சத்தம் திரும்ப வந்தது. அவள் குளித்துவிட்டு வரச் சொன்னாள். அதுதான் எனக்குக் கேட்ட முதல் வார்த்தை.

டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். பெண் டாக்டர். கொஞ்சம் அதட்டுவார். நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும்போது கண்ணில் படுவதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். நாற்காலி, கதவு, செருப்பு, இப்படி. நான் சொன்னேன், டாக்டர், எனக்குச் சம்பளமே அதற்குத்தான். அவர் சிரித்தார். அப்புறம் யார் திருப்பிச் சொல்வது என்று கேட்டேன். யாரும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு நீங்கள் சொன்னால் போதும் என்றார். அங்கேதான் எனக்கு உதைக்கிறது.

போன வாரம் பாப்பாவை அழைத்துவரப் போனேன். பெரிய சாலையைக் கடக்க வேண்டும். நடப்பவர்களுக்கான விளக்கு பச்சையானது. பச்சை என்று சொல்லிவிட்டு நின்றேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கடந்து போனார்கள். சிவப்பானது. திரும்பப் பச்சையானது. மறுபடி சொன்னேன், மறுபடி நின்றேன். திருப்பிச் சொல்லாமல் எப்படி நகர்வது? பள்ளிக்கூடம் விட்டு, பாப்பா எதிர்ப்பக்கம் வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் அவளே கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். "என்னப்பா பண்றே?" என்றாள். பச்சை என்றேன். அவளும் பச்சை என்றாள். கடந்துவிட்டு, வீடு இந்தப் பக்கம் என்று நினைவு வந்து, திரும்பவும் கடந்து வந்தோம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கெட்டிக்காரி.

ஒரு விஷயம். மார்ச் கடைசி வியாழக்கிழமை எனக்குச் சோதனை ஓட்டம் வைத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் பின்னால் நிற்பார். வழி அதே வழி, அந்த வளைவும் உண்டு. ஓட்டினால் எனக்கு எஞ்சின். ஓட்டாவிட்டால் டிப்போவில் மேசை, பிறகு எஞ்சின் பக்கம் திரும்பக் கிடையாது. அசிஸ்டெண்டாக யார் வேண்டும் என்று கேட்டார்கள். உன்னைச் சொல்லியிருக்கிறேன். வா. வேறு யார் சொன்னாலும் எனக்கு அது பச்சை ஆகாது.

மச்சான்


மார்ச் 3

அன்புள்ள மச்சான்,

போட்டுவிட்டேன், பார்த்தீர்களா, 'அன்புள்ள'. காது கேட்காதவரிடம் போய் இத்தனை நாள் கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சுவரோடு சண்டை போட்டவனுக்குக் கைவலிதான் மிச்சம் என்று அக்கா சின்ன வயசில் என்னைச் சொல்வாள். சொல்லியிருக்கலாமே மச்சான், அன்றைக்கே. சரி, உங்களுக்குத்தான் சொல்ல வேண்டியது இருந்ததே தெரியாதே.

சோதனை ஓட்டத்துக்கு நான் எதற்கு? இங்கே ஆள் பற்றாக்குறை. கொட்டாவி என்னை விடவே மாட்டார். நான் இல்லாவிட்டால் அவர் தூங்கிப்போய் எஞ்சினைக் கொண்டுபோய்க் கேன்டீனில் நிறுத்திவிடுவார். இரண்டு பேரும் காலை முழுக்க முன்னே பின்னே, முன்னே பின்னே. நான் பச்சை என்பேன், அவர் திருப்பிச் சொல்ல வாயைத் திறப்பார், வருவது கொட்டாவி. உங்களுக்கு நல்ல ஆளாக, இளரத்தமாக யாரையாவது போடச் சொல்லுங்கள். என் குரல் இப்போது கரகரவென்று இருக்கிறது வேறு.

சாப்பாடு பரவாயில்லை. தங்கும் இடத்தில் குளியலறைக்குக் கூட்டம், அதனால் நான் யார்டில் பெட்டி கழுவுகிற ஹோஸ் குழாயில் குளித்துக்கொள்கிறேன். ராஜ வாழ்க்கை. ஊரில் எவனுக்கு இவ்வளவு நீளக் குழாய் இருக்கிறது?

நீங்கள் ஓட்டிவிடுவீர்கள். உங்களுக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஓய்வு போதும். மனசைத் தளர விடாதீர்கள். கோடை லீவுக்குப் பாப்பாவை இங்கே அனுப்புங்கள் என்று எழுத நினைத்தேன், அறை சின்னது. வேண்டாம்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று மளிகைக் கடையில் வரிசையில் நின்றேன். பக்கத்துக் கடைக்காரர் இரும்பு ஷட்டரை இழுத்துச் சாத்தினார். அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். கை குளிர்ந்து, வியர்த்து, செத்துவிடப் போகிறேன் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. பயம் என்று சொல்ல மாட்டேன். தகவல் மாதிரி தெரிந்தது. சோப்பு, பருப்பு, தராசு என்று சொல்ல ஆரம்பித்தேன். கடைக்காரர் நான் கேட்கிறேன் என்று நினைத்து ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்தார். சோப்பா சார், பருப்பா சார் என்று திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே வைத்தார். அதில் நெஞ்சு இறங்கிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்தேன். தராசைத் தவிர எல்லாம் வீட்டில் இருக்கிறது. உன் அக்கா இத்தனை சோப்பு எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். அவள் அடக்க முடியாமல் சிரித்தாள், அப்புறம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

சரி, உன் விஷயம். யார்டில் சிக்னலை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமே கிடையாது. கீழே நிற்பவன் கொடி காட்டுவான், டிரைவர் நகர்த்துவார். கொட்டாவி திருப்பிச் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறாய். அவர் எதைத் திருப்பிச் சொல்வார்? அந்த எஞ்சினில் ஒரே ஒரு நாள் ஏறியிருந்தால் உனக்கு இது தெரிந்திருக்கும்.

மீசையிடம் கேட்டேன். என் கடிதத்தை எங்கே கொடுக்கிறீர்கள் என்று. லாம்ப் ரூம் ஜன்னலில் என்றார். எப்போது போனாலும் அங்கேதான் இருக்கிறானா என்றேன். மீசை மீசையைத் தடவிக்கொண்டார். "என்னைக் கேக்காதீங்க சார், அவரையே கேளுங்க" என்றார். கேட்கிறேன். அங்கே போன பிறகு நீ எஞ்சினில் வேலை செய்தாயா? கதை வேண்டாம். பச்சையா, சிவப்பா?

மச்சான்


மார்ச் 17

மச்சான்,

சிவப்பு.

வந்த அன்றே கொட்டாவியின் எஞ்சினில் ஏறப் போனேன். படியில் கால் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தேன். அவ்வளவுதான். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. பிடித்த கை விடவில்லை. கொட்டாவிதான் மேலிருந்து குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். நல்ல மனுஷர். அவரைப் பற்றி நான் எழுதியதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தது. அன்றிலிருந்து லாம்ப் ரூமில் இருக்கிறேன். கார்டுகளுக்குக் கைவிளக்கு எடுத்துக் கொடுக்கிற அறை. விளக்கைத் துடைக்கிறேன், பேட்டரி மாற்றுகிறேன், துடைத்ததையே துடைக்கிறேன். தூக்கமும் இங்கேதான், பெஞ்சில். தங்கும் இடத்துக்குப் போவதில்லை. சாப்பாடு ஜன்னல் வழியாக வருகிறது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நான்தான் வேடிக்கையாகப் பேசுகிறேனே. சிரித்துக்கொண்டே இருப்பவனை யார் கேட்பார்கள், உனக்கு என்ன என்று?

நீங்கள் மேலிருந்து பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த மனுஷரின் சைக்கிள் கேரியரில் ஒரு வாளி கட்டியிருந்தது. பிளாஸ்டிக் வாளி, சிவப்பு. அப்போதுதான் வாங்கியது. கடையில் ஒட்டிய தாளைக்கூடக் கிழிக்கவில்லை. நான் நடந்து போனபோது முதலில் பார்த்தது அதைத்தான். அது மட்டும் தனியாகக் கல் மேல் கிடந்தது. ஒரு கீறல் இல்லை, மச்சான். மற்றது எல்லாவற்றையும் பார்த்தேன், அதை எழுதவில்லை. திரும்பி வரும்போது அந்த வாளியை எடுத்து, நிமிர்த்தி, ஓரமாக, யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? அவ்வளவு நடந்திருக்கிறது, நான் வாளியைப் பத்திரப்படுத்துகிறேன். அவர் வீட்டில் யாரோ இன்றைக்கு வாளி வரும் என்று காத்திருந்திருப்பார்கள் இல்லையா?

இங்கே குளியலறையில் இருப்பதும் சிவப்பு வாளி. அதனால்தான் அந்த ஹோஸ் கதை. ராஜ வாழ்க்கை என்று எழுதினேன். கடைசியாக எப்போது குளித்தேன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை என்னால் வர முடியாது. நீங்கள் ஓட்டுங்கள். நாம் இரண்டு பேரும் போய்விட்டால் அந்த எஞ்சினில் யார் இருப்பது? நீங்களாவது திரும்ப ஏற வேண்டும். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை


மார்ச் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. உன் அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பரணிலிருந்து உன் பழைய போர்வையை எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

நீ வாளியை எடுத்து வைத்தது சரி. யாராவது எடுத்து வைக்க வேண்டும். நான் இறங்கியிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வியாழக்கிழமைக்கு வேறு அசிஸ்டெண்ட் போட்டிருக்கிறார்கள். நல்ல பையன் என்கிறார்கள். என் வேலைச் சட்டையை உன் அக்கா தேய்த்து மாட்டி வைத்திருக்கிறாள். சாயங்காலம் பாப்பாவும் நானும் பின்பக்க ஜன்னலில் நிற்கிறோம். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் சிக்னல் தெரியும். நான் சொல்கிறேன், அவள் திருப்பிச் சொல்கிறாள். மஞ்சளை மட்டும் 'மாம்பழம்' என்கிறாள். அப்படிச் சொன்னால் வண்டி நிற்குமா போகுமா என்று எனக்குக் குழப்பம்.

மனசில் ஒன்றும் இல்லை. ஓட்டிவிடுவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. தூங்கப் போகும் முன் உனக்கு எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஜன்னலையாவது திறந்து வை.

மச்சான்


மார்ச் 30

அன்புள்ள மச்சான்,

நீங்கள் போன பிறகு எழுதுவதற்கு நாலு தடவை உட்கார்ந்தேன். எழுதாமல் விட்டால் இது நடந்ததா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வியாழக்கிழமை ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டது. மீசை கடிதம் கொண்டுவந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன். கடிதம் இல்லை. நீங்கள் நின்றீர்கள். தேய்த்த சட்டை முழுக்க வியர்வை, முகத்தில் ரத்தமே இல்லை. நான் தாழ்ப்பாளைத் திறக்க ரொம்ப நேரம் ஆனது. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். நான் கேட்டேன்.

"இன்னைக்கு வியாழக்கிழமை இல்லையா?"

"ஆமா."

"அப்ப ஓட்டம்?"

"அவங்க ஓட்டிப்பாங்க."

அப்புறம் ஒரு துணியை எடுத்து விளக்கைத் துடைக்க ஆரம்பித்தீர்கள். மத்தியானம் வரைக்கும் துடைத்தோம். இந்த யார்டு ஆரம்பித்த நாளிலிருந்து அத்தனை விளக்கும் ஒரே நாளில் பளபளத்தது அன்றைக்குத்தான் என்று கொட்டாவி சொல்கிறார்.

நீங்கள் வந்த விதத்தை மீசை பிறகு சொன்னார். கடைசிப் பெட்டியில், கார்டு அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தீர்களாம். அவர் எட்டிப் பார்த்து ஒவ்வொரு சிக்னலாகச் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தீர்களாம். வளைவு வந்ததும் உங்களிடமிருந்து சத்தம் வரவில்லையாம். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தீர்களாம். மீசை தானே சொல்லித் தானே திருப்பிச் சொல்லிக்கொண்டாராம். "அசிஸ்டெண்ட் சார், அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். அந்த மீசைக்குள் இருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் என்னைத் தங்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். குளியலறைக்கு வெளியே நான் நின்றுவிட்டேன். நீங்கள் உள்ளே போய் அந்த வாளியை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தீர்கள். திறந்துவிட்டீர்கள். "சிவப்பு" என்றீர்கள். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை. வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் வெளியே வந்து என் காலை நனைத்தது. யாரோ பின்னாலிருந்து தண்ணியை மூடுங்கய்யா என்று கத்தினார்கள். நீங்கள் மூடவில்லை. அப்போதுதான் நான் சிவப்பு என்றேன். மூடினீர்கள். குளித்தேன். அழுதேனா என்று தெரியாது, தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டல்லவா இருந்தேன்?

நான் இன்னும் லாம்ப் ரூமில்தான் இருக்கிறேன். தாழ்ப்பாளைப் பகலில் போடுவதில்லை. இங்கே ஒரு டாக்டர் இருக்கிறார், போகிறேன். ஒரு வாரம் லீவு கேட்டு வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீசையின் வண்டியில் வீட்டுக்கு வருகிறேன். வளைவை நினைத்தால் இப்போதே கை குளிர்கிறது, அதனால் வருகிறேன் என்று எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது என்று எழுதுகிறேன்.

உங்கள் எஞ்சினை நான் தின்றுவிட்டேன், மச்சான். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வேறு ஒருத்தர் என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ யாருடைய எஞ்சினையும் தின்னவில்லை. தின்கிற உடம்பா அது? உன் விலா எலும்பைப் பார்த்ததை உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தட்டில் என்ன காத்திருக்கிறதோ, உன் பாடு.

நான் ஏதோ பெரிய மனசு பண்ணி வந்ததாக நினைத்துக்கொண்டிருக்காதே. அன்று காலை சோதனை ஓட்டத்துக்குத்தான் கிளம்பினேன். பிளாட்பாரத்தில் இந்தப் பக்கம் எனக்கான எஞ்சின் நின்றது. இன்ஸ்பெக்டரும் அந்தப் பையனும் ஏறி இருந்தார்கள். அந்தப் பக்கம் மீசையின் வண்டி. கால் அந்தப் பக்கம் போய்விட்டது. உனக்காகப் போனதா, எஞ்சினுக்குப் பயந்து போனதா என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை என்றேன். இரண்டும் இருக்கலாம் என்றார். எனக்கு அதுவும் தெரியவில்லை.

டிப்போவில் மேசை கொடுத்துவிட்டார்கள். யார் எந்த வண்டிக்கு என்று ஆள் போடுகிற வேலை. திங்கட்கிழமை போய் உட்கார்ந்தேன். நாற்காலி சுற்றுகிறது. பழக்கதோஷத்தில் காலால் ஹாரனைத் தேடிக்கொண்டே இருந்தேன். என் எஞ்சின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அப்போதாவது ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பையில் கை போய், சாவி இல்லை என்றதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு வலித்தது, மாப்பிள்ளை. அவளிடம் சொன்னேன். அவள் நல்லது என்றாள்.

குக்கர் இன்னும் பரணில்தான் இருக்கிறது. ஷட்டர் இழுக்கிற நேரத்தில் அந்தத் தெருவுக்குப் போவதில்லை. இரண்டு நாள் முன்னால் பாத்திரம் விழுந்ததற்கு மேசைக்கு அடியில் போனேன், ஆனால் இந்தத் தடவை போனது நினைவிருக்கிறது. பாப்பா அங்கே ஒரு தலையணை போட்டு வைத்திருக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. இருக்கிறபடியே இருக்கிறோம், வா.

ஞாயிற்றுக்கிழமை கார்டு அறையில் உட்கார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டு. மீசை சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல். வளைவில் வாய் அடைத்தால் அடைக்கட்டும், அவர் பார்த்துக்கொள்வார். வளைவு தாண்டினால் கொஞ்ச தூரத்தில் எங்கள் பின்பக்க ஜன்னலுக்கு நேரே இருக்கும் சிக்னல் வரும். வண்டி வரும் நேரத்துக்கு நானும் பாப்பாவும் அங்கே நிற்போம். அது மாறியதும் நான் பச்சை என்று சொல்வேன்.

அவ்வளவு தூரத்தில் உனக்குக் கேட்காது. கேட்காவிட்டாலும் திருப்பிச் சொல்.

மச்சான்